கண்ணாடி அலமாரியில் அப்பா தேடிப்போன ஊர்கள்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பெரும்பாலோர் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள்தான். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கும் கண்ணாடி அலமாரியைப் பார்த்திருப்பீர்கள். திருப்பதி மரப்பொம்மை, கன்னியாகுமரியின் வண்ண மணல், பெரிய கண்ணோடு பூரி ஜகந்நாதர், மூடியை ஈயம் வைத்து அடைத்த காசிச் செம்பு, உள்ளே பல்பு எரியும் தாஜ்மகால் என்று தட்டுத் தட்டாக இருக்கும். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வீர்கள்: "அண்ணன் குடுத்து வெச்சவரு. எத்தினி க்ஷேத்திரம் பாத்துட்டு வந்திருக்காரு!"

அப்பா அதற்கு மறுப்புச் சொன்னதில்லை. ஆமாம் என்றும் சொன்னதில்லை. எழுந்து போய் உங்களுக்குக் காபி வந்ததா என்று சமையலறையில் எட்டிப் பார்ப்பார்.

அந்தப் பொருள்கள் எப்படி வந்தன என்பதை இந்த மலரில் எழுதிவிடு என்று அம்மா சொன்னார். "அவரு சொல்லிக்க மாட்டாரு. இப்ப சொன்னா தப்பில்ல" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரர் கோட்டைக்குப் பின்பக்கத் தெருவில். தாத்தா சைக்கிள் பழுது பார்க்கிறவர். அப்பா ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அவர் காலமாகிவிட்டார். அதோடு பள்ளிக்கூடமும் நின்றது. மாமல்லபுரத்தில் இருந்த ஒரு உறவினர் அழைத்துப் போய், கிளிஞ்சல் மாலையும் பாசிமணியும் அடுக்கிய ஒரு தட்டை அவர் கழுத்தில் மாட்டி, கடற்கரைக் கோயில் பக்கம் மணலில் நிற்க வைத்தார். வெயிலில் மணல் கொதிக்குமாம். செருப்பு இல்லை. வெள்ளைக்காரர்கள் பின்னால் ஓடி ஓடி, "நோ, நோ" என்பதுதான் தான் கற்ற முதல் ஆங்கிலம் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். வாலிப வயது கடந்த பிறகுதான், கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் கடை வரிசையில் அவருக்கென்று ஒரு சிறு கடை அமைந்தது. சிப்பி பதித்த கண்ணாடி, சங்கு விளக்கு, சோழித் தோரணம், கல்லில் செதுக்கிய சின்ன யானை எல்லாம் விற்றார்.

கடல் பொருளை விற்றே பிழைத்தவர், கடலில் கால் நனைத்து நான் பார்த்ததில்லை. ஏனென்று கேட்டால், "அது பாட்டுக்கு அது கீது, நா பாட்டுக்கு நா கீறேன். இன்னாத்துக்கு வம்பு?" என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் அலங்காரப் பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. கடைக்கு வருகிறவர்களிடம், "எடுத்துனு போய் வூட்டுல வைங்க சார், பாக்கறப்பல்லாம் இந்தக் கடலு ஞாபகம் வரும்" என்று உருகி உருகிப் பேசுவார். அம்மா ஒரு சிப்பிக் கண்ணாடி கேட்டபோது, "தூசி தட்ட உனக்கு நேரம் கீதா? சும்மாரு" என்று முடித்துவிட்டார். அம்மா செங்கல்பட்டில் நகராட்சித் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அம்மாவின் வேலைக்காகத்தான் நாங்கள் கொளவாய் ஏரிக்கு அந்தப்பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா தினமும் காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துக் கடைக்குப் போவார், இரவு திரும்புவார்.

நாங்கள் இரண்டு பிள்ளைகள். நான் மூத்தவள். எனக்கு அடுத்துத் தம்பி.

தம்பிக்குக் கையெழுத்து மணி மணியாக இருக்கும். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு கடைக்குப் போய், வருகிறவர்களின் பெயரைச் சிப்பியில் எழுதிக் கொடுப்பான். மெல்லிய தூரிகையால் பெயரை எழுதிவிட்டு, அதன் கீழே மூன்று சின்ன அலைகள் போட்டு முடிப்பான். மூன்றாவது அலை மட்டும் சற்றே மேலே எழும்பி நிற்கும். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. அவனாகப் பழகிக்கொண்டது. அப்பாவுக்கு அதில் பெருமை. அதை அவனிடம் சொன்னதில்லை. பக்கத்துக் கடை மாமாவிடம்தான் சொல்வார். இந்த மாமாவை உங்களில் பலருக்குத் தெரியும். கல் சிற்பம் விற்பவர். அப்பாவோடு ஒரே நாளில் கடை போட்டவர்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு தம்பி பன்னிரண்டாம் வகுப்பில் தேறவில்லை. முடிவு வந்த மறுநாள் எதுவும் நடக்காததுபோலக் கடைக்குப் போய், தூரிகையை எடுத்து உட்கார்ந்துவிட்டான். தட்டைக் கழுத்தில் மாட்டி வளர்ந்த அப்பாவுக்கு, மகனாவது படித்து மேலே போவான் என்று இருந்த ஒரே நம்பிக்கை அது. கடையில் ஆட்கள் நின்றிருக்கும்போதே கத்திவிட்டார்.

"பேர் எழுதறதுக்கு இன்னாத்துக்குடா பன்னெண்டு வருசம் படிச்ச? போ, தட்டக் கழுத்துல மாட்டினு மணல்ல போய் நில்லு!"

தம்பி எழுதிக்கொண்டிருந்த பெயரை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, கடையை விட்டு இறங்கிப் போனான். டீ குடிக்கப் போகிறான் என்று அப்பா நினைத்தார். பிறகு வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்தார். அவன் வீட்டுக்கு வரவில்லை.

சொந்தக்காரர் வீடுகளில் பார்த்தோம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். அவனுடன் படித்த பையன்களின் வீடுகளுக்கெல்லாம் அம்மா நடந்தார். சில வாரம் கழித்து ஒரு பஸ் கண்டக்டர், அவன் மாதிரி ஒரு பையனைத் திருப்பதியில் பார்த்ததாகச் சொன்னார். தம்பியின் படத்தைப் பெரிதாக்கி, லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு அப்பா அன்றே கிளம்பினார்.

சில நாள் கழித்துத் திரும்பி வந்தவரின் பையில் ஒரு மரப்பொம்மை இருந்தது. அம்மா அதைப் பார்த்தார்.

"புள்ளையத் தேடப் போனீங்களா, பொம்மை வாங்கப் போனீங்களா?"

அப்பா பொம்மையை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அதன் பிறகு அப்பா அடிக்கடி போனார். கடையை மாமாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார். கன்னியாகுமரி, ராமேஸ்வரம், மைசூர், கோவா. பின்னால் இன்னும் தூரம் போனார். எங்கே போனாலும் ஒரு பொருளோடு வந்தார். ஜன்னல் மேடை நிறைந்ததும், கடையில் கழித்துப்போட்ட ஒரு கண்ணாடி அலமாரியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். அம்மா அந்தப் பக்கம் பெருக்குவதை நிறுத்திவிட்டார். அலமாரியைச் சுற்றி ஒரு முழத்துக்குத் தூசி அப்படியே கிடக்கும். வீட்டில் நான் ஒருத்திதான் இருவரிடமும் பேசினேன். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. உப்பு, பால், கரண்ட் பில் எல்லாம் பேசினார்கள். தம்பி பேச்சு மட்டும் இல்லை. விசாரிக்க வருகிறவர்களிடம் அம்மா, "கோயிலுக்குப் போயிருக்காரு" என்று சொல்லத் தொடங்கினார். அப்பா கோயில் குளம் சுற்றுகிறார் என்ற பேர் அப்படி வந்ததுதான்.

எனக்குக் கல்யாணமாகி, கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்புக்குப் போன பிறகு, அந்த வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போது கூடத்தில் அப்பா, பின்கட்டில் அம்மா. நடுவில் ரேடியோ யாருக்காகவோ பாடிக்கொண்டிருக்கும்.

ஒரு கோடை விடுமுறையில் அப்பா பூரிக்குக் கிளம்பும்போது, அம்மா துணிகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டு வந்து நின்றார். "நானும் வரேன். அப்படி என்னதான் பண்றீங்கன்னு பாக்கறேன்" என்றார்.

அங்கே நடந்ததை அம்மாதான் எனக்குச் சொன்னார். ரயிலை விட்டு இறங்கியதும் அப்பா கோயிலுக்குப் போகவில்லை. கடைத்தெருவுக்குப் போனார். சிப்பியும் சங்கும் விற்கும் கடைகளாகப் பார்த்து ஒவ்வொன்றாக ஏறினார். கடையில் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைக் கையில் எடுப்பார். பேரம் பேசமாட்டார். கடைக்காரர் அதைக் காகிதத்தில் சுற்றும்போது, சட்டைப் பையிலிருந்து தம்பியின் படத்தை எடுத்து நீட்டுவார். மொழி தெரியாது. படத்தைக் காட்டி, சிப்பியில் எழுதுவதுபோல விரலால் காற்றில் எழுதிக் காட்டுவார். கடைக்காரர் படத்தைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். அப்பா கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார். வெயில் ஏற ஏற, ஒரு தெரு முழுக்க இப்படியே.

ஒரு கடையை விட்டு இறங்கும்போது அம்மா கேட்டார்: "இதை மொதல்லயே காட்டிட்டா என்ன? எதுக்கு ஒவ்வொண்ணா வாங்கறீங்க?"

"வாங்காதவன் மூஞ்ச எவன் பாப்பான்? இத்தினி வருசமா கடையில குந்தினு கீறேனே, நா பாத்திருக்கனா?" என்றாராம் அப்பா. பிறகு, "அவனுக்குத் தெரிஞ்ச தொழிலு இது ஒண்ணுதான். எந்த ஊர்லனாலும் இந்த மாதிரி ஒரு கடைலதான் குந்திகினு இருப்பான்" என்றாராம்.

அடுத்த கடையில் ஒரு வயதான அம்மாள் இருந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் படத்தை வாங்கித் தன் கடை சாமிப் படத்தின் காலடியில் ஒரு நிமிடம் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்கு வந்த அன்று அம்மா ஈரத்துணி எடுத்துக்கொண்டு போய் அலமாரிக் கண்ணாடியைத் துடைத்தார். ஒவ்வொரு பொருளையும் எடுத்து, இது எந்த ஊர், இது எந்த ஊர் என்று அப்பாவிடம் கேட்டுக் கேட்டு வைத்தார். ஊருக்கு ஒன்றுதான் அலமாரியில். மிச்சமெல்லாம் அம்மாவிடம் ட்யூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்குப் போயின. அந்தப் பிள்ளைகள் அப்பாவை "டூர் தாத்தா" என்று கூப்பிட்டார்கள். அப்போது அவருக்குத் தலை அவ்வளவாக நரைக்கவும் இல்லை.

ஆண்டுகள் போயின. ஒரு கட்டத்தில் உறவினர்களான நீங்கள் தம்பியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. எத்தனை நாள்தான் கேட்பது? ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனதும் அப்பா இன்னும் ஒடுங்கிவிட்டார்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு, பம்பாயிலிருந்து வந்த ஒரு குடும்பம் அப்பாவின் கடையில் சங்கு விளக்கு பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் கையில் வைத்திருந்த கார் சாவியில் ஒரு சிப்பி தொங்கியது. அதில் ஆங்கிலத்தில் ஏதோ பெயர். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. பெயரின் கீழே மூன்று அலைகள் இருந்தன. மூன்றாவது அலை மேலே எழும்பி நின்றது.

பக்கத்துக் கடை மாமா அடிக்கடி சொல்வார்: "உங்க அப்பன் அந்த ஆள் கையப் புடிச்சவன் வுடல. அந்தம்மா பயந்து போச்சு. நாந்தான் ஓடியாந்து, 'பிராப்ளம் இல்ல சார், ஹிஸ் சன், ஹிஸ் சன்'னேன்."

அவர்கள் அந்தச் சிப்பியை வாங்கியது மால்வணில். மகாராஷ்டிரத்தின் தென்கோடியில் உள்ள மீன்பிடி ஊர் அது. கடலுக்குள் இருக்கும் ஒரு கோட்டையைப் பார்க்க ஜனங்கள் வருவார்களாம். எனக்கு இந்தி தெரியும் என்பதால் அப்பா என்னைத் துணைக்கு அழைத்தார். அம்மாவுக்கு அப்போது டைபாய்டு காய்ச்சல் தணிந்திருந்த நேரம். வரவேண்டும் என்று பிடிவாதமாக எழுந்து உட்கார்ந்தார், நிற்க முடியவில்லை. "நீ போய்க் கூட்டினு வா" என்று என் கையைப் பிடித்தார். மங்களூர் போய், கொங்கண் ரயில் ஏறி, குடாளில் இறங்கி பஸ் பிடித்தோம். வழியெல்லாம் அப்பா சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். படம் அங்கேதான் இருந்தது.

தேட வேண்டியிருக்கவில்லை. படகுத்துறைக்கு எதிரில் முதல் கடையிலேயே தம்பி உட்கார்ந்திருந்தான். மீசை வைத்திருந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். ஒரு சிப்பியைக் கையில் பிடித்து, தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். நாங்கள் போய் நின்றதும் வாடிக்கையாளர் என்று நினைத்து மராட்டியில் ஏதோ கேட்டுக்கொண்டே நிமிர்ந்தான்.

"வாப்பா" என்றான். அவ்வளவுதான். காலையில் போய்ச் சாயங்காலம் வந்தவரைப் பார்த்துச் சொல்வதுபோல.

கடைக்குப் பின்னால் வீடு. அவனுடைய மனைவி அந்த ஊர்ப் பெண். விஷயம் தெரிந்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்து அப்பாவின் காலைத் தொட்டாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. தேங்காய் அரைத்த மீன்குழம்பும் சோறும் போட்டாள். அப்பா சாப்பிட்டார். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அது அவர் சட்டைப் பையில் கைவிட்டுப் படத்தை வெளியே இழுத்தது. தம்பி அதைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாதான் கடைசியில் கேட்டார். "ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதாடா?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மொதல்ல கோவம்பா. அப்பறம் வெக்கமாருந்துச்சு. அப்பறம் பழகிப்போச்சு."

"அம்மா உன்னயே நெனச்சிகினு கீறா. வூட்டுக்கு வாடா."

"வரேன்பா. சீசன் முடியட்டும்." பிறகு, "இங்கதாம்பா என் வூடு இப்ப" என்றான். கடுமையாகச் சொல்லவில்லை. அது உண்மை, அதனால் சொன்னான். அவனைக் கெட்டவன் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வாய் திறந்தேன். எத்தனை ஊர், எத்தனை கடை, அப்பா எப்படியெல்லாம் அலைந்தார் என்று சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. அப்பா என் முழங்கையைத் தொட்டார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார்.

மறுநாள் கிளம்பும்போது தம்பி கடையைக் காட்டி, "ஏதாவது எடுத்துக்கோப்பா, வூட்டுக்கு" என்றான். அப்பா தட்டுத் தட்டாகப் பார்த்தார். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரின் கடையைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். "நல்லா வெச்சிருக்கற. வேணாம், யாவாரத்துக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

வீட்டு வாசலில் அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். யாரும் இல்லை. அப்பாவின் கையைப் பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை.

"நல்லா கீறானா?"

"நல்லா கீறான். பொண்டாட்டி நல்ல பொண்ணு. பேத்தி உன்ன மாதிரி மூக்கு."

அம்மா திரும்பி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

தம்பி அவ்வப்போது போன் செய்வான். பொங்கலுக்கு, தீபாவளிக்கு. அம்மா பேசுவார், பேத்தியைப் பேசச் சொல்வார். அது மராட்டியில் ஏதோ சொல்லும். அம்மா தமிழில் ஏதோ சொல்வார். அப்பா ரிசீவரை வாங்கினால், "சவுக்கியமா? யாவாரம் எப்டி கீது?" என்பதற்குமேல் பேச்சு ஓடாது. ஒவ்வொரு சீசன் முடிவிலும் வருவதாகச் சொன்னான். குழந்தைக்குக் காய்ச்சல், மாமனாருக்கு ஆபரேஷன், கடைக்கு ஆள் இல்லை. எல்லாமே நிஜமான காரணங்கள்தான்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா கடைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார். திருக்கழுக்குன்றத்தில் வண்டியை நிறுத்தித் திருப்பிவிட்டார்கள். தண்ணீர் கடை வரிசைக்குள் புகுந்து, கீழ்த்தட்டுப் பொருள்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்துக் கடை மாமா ஓடித் தப்பித்தார். மாலையில் தம்பி போன் செய்தான். எத்தனையோ முறை முயன்று லைன் கிடைத்ததாம். "எல்லாரும் கீறீங்களா?" என்று கேட்டான். "கீறோம்" என்றார் அப்பா. "வரட்டுமாப்பா?" என்றான். "எதுக்கு, ரயில்லாம் எப்டி ஓடுதோ. குழந்தைய வெச்சிகினு அலையாத" என்றார். ரிசீவரை வைத்த பிறகு நெடுநேரம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவன் அதை மீறிக்கொண்டு வருவான் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அப்பா கடைக்குப் போகவில்லை. மாமாவிடமே விட்டுவிட்டார். வீட்டில் அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவருக்குப் பல்பு எரியும் தாஜ்மகாலுக்கு வயர் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "அவன்தான் கெடச்சிட்டானேப்பா, இதெல்லாம் இன்னும் எதுக்கு? அம்மாவுக்குத் துடைக்கற வேலை" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

அப்பா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அலமாரியைப் பார்த்தபடியே சொன்னார்: "தேடிகினு இருந்தப்ப அவன் என்கூடவேதாம்மா இருந்தான். ரயில்ல பக்கத்துல, சாப்புடறப்ப எதுத்தாப்புல. கண்டுபுடிச்ச பெறகுதான் இல்லாமப் பூட்டான்."

நான் வயரை முறுக்கி, டேப் ஒட்டி, ஸ்விட்சைப் போட்டேன். பல்பு எரிந்தது. "எரியுது, எரியுது" என்றார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் பலவீனம் என்றார்கள். செங்கல்பட்டிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தம்பிக்குச் சொன்னதும் உடனே கிளம்பிவிட்டான். அதை அப்பாவின் காதில் சொன்னேன்.

"எந்த வண்டி?" என்று கேட்டார்.

வண்டியின் பேரைச் சொன்னேன்.

"அது லேட்டாதான் வரும்" என்றார். இந்தியாவின் பாதி ரயில்களை அவருக்குத் தெரியும்.

கொங்கண் பாதையில் மண் சரிந்து வண்டி நின்றுவிட்டது. மறுநாள் மதியம் அப்பா காலமானார். தம்பியின் வண்டி எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெரியவர்கள் காத்திருக்க முடியாது என்றார்கள். யார் கொள்ளி வைப்பது என்று வாசலில் பேச்சு வந்தது. பக்கத்துக் கடை மாமாதான் குரலை உயர்த்தினார்: "இன்னாய்யா பேஜாரு பண்றீங்க? பொண்ணு வெச்சா எரியாதா? நீ வைம்மா." நான் வைத்தேன்.

தம்பி அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தான். சட்டையெல்லாம் சேறு. வழியில் இறங்கி, லாரி பிடித்து, பஸ் மாறி வந்திருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தவன், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். பதின்மூன்று வருடத்துக்கு முன் அவன் விட்டுப்போனபோது அந்தக் கூடத்தில் அலமாரி கிடையாது. இப்போது அதன் எதிரே போய் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அப்பா இவ்ளோ ஊரு டூர் போயிருக்காரா? என்கிட்ட சொல்லவே இல்லியே" என்றான்.

அம்மா மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். கதவைத் திறந்து மரப்பொம்மையைத் தொட்டார். "இது திருப்பதி. நீ போன அந்த மாசமே. ஒரு கண்டக்டர் உன்னப் பாத்தேன்னு சொன்னாரு." அடுத்ததைத் தொட்டார். "இது கன்னியாகுமரி. இது ராமேஸ்வரம், ரெண்டு தடவ போனாரு. இது காசி. அங்க குளிர்ல காய்ச்சல் வந்து படுத்துட்டாரு. இது பூரி. இங்க நானும் போயிருந்தேன்." குரலில் அழுகை இல்லை. வகுப்பில் பாடம் எடுப்பவர்போல ஒவ்வொரு தட்டாகச் சொல்லிக்கொண்டே போனார். "ஒவ்வொரு கடையிலயும் ஒண்ணு வாங்கிட்டு, உன் போட்டோவக் காட்டிக் கேப்பாரு. வாங்காட்டி பதில் சொல்ல மாட்டாங்கன்னு."

தம்பி அலமாரியைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தான். நாங்கள் யாரும் அவனைத் தூக்கவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

காரியம் முடிந்து புறப்படும் நாளில் அவன் அம்மாவிடம், "ஒண்ணே ஒண்ணு எடுத்துனு போறம்மா. கடையில என் பக்கத்துல வெச்சிக்கறேன்" என்று கேட்டான்.

அம்மா யோசிக்கவே இல்லை. "ஒண்ணும் எடுக்காத. பாக்கணும்னா வந்து பாரு" என்றார்.

அதற்குப் பிறகு தீபாவளிக்கு ஒருமுறை, மனைவியோடும் பெண்ணோடும் வந்து போனான். இந்த நினைவு நாளுக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறான். அச்சகத்துக்கு இதைக் கொடுக்கும்வரை அதற்குமேல் எனக்குத் தெரியாது. வந்திருந்தால் நீங்களே அவனைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து அவனிடம் பழையதைக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள்.

அப்பா இல்லாத நாள்களில் கடையைத் தன் கடைபோலப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த செவிலியர்களுக்கும், மழையில் நனைந்துகொண்டு மயானம்வரை வந்த தெருக்காரர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் முதல் மாதம் முழுக்க முறை வைத்துக்கொண்டு வந்து படுத்த சக ஆசிரியைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. இன்னும் சிலர் இருக்கிறார்கள். எங்கெங்கோ ஊர்களில், மொழி தெரியாத ஒரு மனிதர் நீட்டிய படத்தை வாங்கிப் பார்த்து, இல்லை என்று மென்மையாகச் சொன்ன கடைக்காரர்கள். அவர்களில் ஒருவருக்கும் இந்த மலர் போய்ச் சேராது. இருந்தாலும் அவர்களுக்கும் இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மா என்னோடு வந்து இருக்க மறுக்கிறார். செங்கல்பட்டுப் பக்கம் வந்தால் அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். பகலில் அவருக்கு ட்யூஷன் பிள்ளைகள் இருக்கிறார்கள். விளக்கு வைத்த பிறகு வாருங்கள். அந்த நேரத்தில்தான் வீடு ரொம்பப் பெரிசாக இருக்கிறது என்கிறார்.